செஞ்சி மலையில் தீ... திண்டிவனம் பிளாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

திண்டிவனம் என்ற பெயரிலேயே வனம் இருக்கிறது. திந்திரிணி என்றால் புளி. திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனது என்கிறது பெயர்க் காரணம். இன்று அந்த ஊரைச் சுற்றிக் கண்ணில் படுவது புளியமரத்தைவிட, கலர் கலராகக் கொடி நட்ட மனைப்பிரிவுகள்தான். சென்னையிலிருந்து சுமார் 125 கி.மீ. தள்ளி இருந்தாலும் விளம்பரத்தில் அது 'சென்னைக்கு மிக அருகில்'.

இங்கிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில் பாறைக் குன்றுகளும் காப்புக்காடுகளும் மாறி மாறி வரும். மாசி, பங்குனி வந்தால் இந்தப் பக்கத்து மலைகளில் தீ எரிவது புதிதல்ல. 'கடும் வெயிலால் தீ' என்று ஒரு வரிச் செய்தியோடு விஷயம் முடிந்துவிடும்.

உண்மையில் வெயில் தீ மூட்டுவதில்லை, காய வைக்கிறது, அவ்வளவுதான். இந்தியாவில் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதர்களால்தான் தொடங்குகிறது. அணைக்காமல் வீசிய பீடி, குப்பைக்கு வைத்த தீ, புதுப்புல் முளைக்கட்டும் என்று பழைய புல்லுக்கு வைத்த தீ. அந்தப் பொறி அங்கேயே அணையுமா, மலையேறுமா என்பது நடுவில் கிடக்கும் நிலத்தைப் பொறுத்தது.

மல்லாட்டைக் கொல்லை இருந்தவரை...

மலையடிவாரத்தில் மார்கழிப் பட்டத்து மல்லாட்டை போட்டிருந்தால், தீக்காலம் தொடங்கும்போது அது பச்சையாக நிற்கும். களை வெட்டிய கொல்லை, ஈரமான வரப்பு. தீ வந்தாலும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஓரத்துப் புல்லை ஆடு மேய்ந்துவிடும், சுள்ளி அடுப்புக்குப் போய்விடும். யாரும் திட்டமிடாமலே காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருந்தது.

அந்தக் கொல்லை மனைப்பிரிவானதும் என்ன ஆகிறது? கல் நட்டு, கம்பி வேலி போட்டு, 'சைட் விசிட்' முடிந்து, பத்திரம் பதிந்தாகிவிட்டது. வாங்கியவர் ஓ.எம்.ஆரில் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறார். வீடு கட்ட இன்னும் 10 வருஷம் ஆகலாம். அதுவரை உழவும் இல்லை, ஆடும் உள்ளே போக முடியாது. புல் இடுப்பளவு வளர்ந்து, காய்ந்து, அப்படியே நிற்கிறது.

விறகடுப்பு போனதைக் குறை சொல்ல முடியாது. கேஸ் அடுப்பு வந்ததால் பெண்கள் புகையிலிருந்து தப்பினார்கள். ஆனால் விறகு பொறுக்கியவர்கள் செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

நல்ல மழை பெய்த வருஷம் பயமில்லை என்று நினைப்பதும் தவறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. கார்த்திகை மழையில் தழைக்கும் புல்தான் பங்குனியில் எரிபொருள்.

காட்டுக்குள்ளும் மாற்றம் உண்டு. இந்தக் கடற்கரைச் சமவெளியின் இயல்பான காடு 'உலர் பசுமைமாறாக் காடு'. எஞ்சியிருப்பது துண்டு துண்டாகத்தான். மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காட்டுக்குள் போனால் தெரியும், வெயில் தரையைத் தொடாது. நிழலில் புல் வளராது, மண்ணில் ஈரம் நிற்கும். மரத்தை வெட்டித் திறந்துவிட்டால் வெளிச்சத்தோடு புல்லும் உள்ளே வருகிறது. தைலமரத் தோப்பில் வேறு சிக்கல்: எண்ணெய்ச் சத்துள்ள இலையும் உரிந்த பட்டையும் தரையில் குவிகின்றன.

2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரம் எரிந்து 100 பேர் அளவில் இறந்தார்கள். சுற்றிலும் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. தோட்டங்கள் கைவிடப்பட்டதும் வெளியிலிருந்து வந்த புற்கள் பரவின. அவற்றில் கினியாப் புல்லும் ஒன்று, நம்மூர் மாட்டுக்காரர்கள் தீவனத்துக்கு வளர்க்கும் அதே புல்! இங்கே மாடு தின்கிறது, அங்கே தின்ன ஆளில்லை. லஹைனா அளவு ஆபத்து செஞ்சிக்கு வரும் என்று பயமுறுத்த வேண்டியதில்லை. காற்றும் வேறு, வீடுகளும் வேறு. ஆனால் கைவிட்ட வயல் எப்படித் தீவனமில்லாத் தீக்குத் தீனியாகிறது என்பது ஒன்றுதான்.

சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டே போகும். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அடிவாரத்துப் பிளாட்டில் பிடித்த தீயை அணைக்க, பச்சைத் தழையோடு மேலே ஓடுவது வனத்துறை ஊழியர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும். பிளாட் ஓனருக்குச் செய்தியே போகாது.

எனவே மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது சாலை அகலம், பூங்கா இடம் பார்ப்பதுபோல, காப்புக்காட்டை ஒட்டிய லே-அவுட்டில் வீடு வரும்வரை புல்லை யார் அகற்றுவது என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். விற்றவரா, வாங்கியவரா, ஊராட்சியா? மூவரில் ஒருவர் பெயர் இருந்தாலே பாதி வேலை நடக்கும். காட்டோரப் பக்கம் மட்டுமாவது பொங்கல் முடிந்ததும் ஒரு டிராக்டர் உழவு போதும்.

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் காட்டுத் தீயைக் கண்டறிந்து மொபைலுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்யலாம். திண்டிவனம் பக்கம் பிளாட் வைத்திருப்பவர்கள் விழுப்புரம் மாவட்டத்தைத் தேர்வு செய்து வைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கை வந்தால், அடுத்த சைட் விசிட்டுக்கு அரிவாளும் எடுத்துப் போக வேண்டியிருக்கும்.