வீரர்கள் என்று அழைத்தால் போதுமா?

2015 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் சுங்கத் துறை ஒரு வம்பை விலைக்கு வாங்கியது. வெளிநாடுகளிலிருந்து வரும் 'பாலிக்பாயன்' பெட்டிகளில் சிலவற்றைத் திறந்து சோதிக்கப்போவதாக அறிவித்தது. பாலிக் என்றால் திரும்புதல், பாயன் என்றால் தாய்நாடு. ஹாங்காங்கிலும் வளைகுடாவிலும் வேலை செய்பவர்கள் மாதக்கணக்கில் வாங்கிச் சேர்த்து நிரப்பும் பெரிய அட்டைப்பெட்டி அது: சோப்பு, பற்பசை, டின் இறைச்சி, சாக்லேட், பிள்ளையின் கால் அளவை போனில் கேட்டு வாங்கிய ஷூ. கிறிஸ்துமஸுக்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று பல வாரங்களுக்கு முன்பே கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அதில் அதிகாரி கைவைப்பதா என்று எழுந்த கோபத்தில் அதிபர் பெனிக்னோ அக்கினோவே தலையிட்டுச் சோதனையை நிறுத்தினார். மறு ஆண்டு வந்த சட்டம், 1.5 லட்சம் பெசோ மதிப்புவரை வரிவிலக்கு தந்தது. வரிக்கணக்கை மட்டும் வைத்து இந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியாது. தூரத்தில் இருப்பவருக்குத் தன் நாட்டோடு உள்ள உறவே அந்தப் பெட்டிதான்.

இத்தனை பேர் வெளியே போனால் பிலிப்பினோ என்ற அடையாளம் கரைந்துவிடாதா என்று கவலைப்படுபவர்கள் உண்டு. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. ஸ்பானிய ஆட்சியில் முதலில் பிலிப்பினோ என்ற பெயரே அங்கு பிறந்த ஸ்பானியர்களைத்தான் குறித்தது. அதைத் தங்கள் பெயராக மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் ஐரோப்பாவுக்குப் படிக்கப்போன இளைஞர்கள். அவர்களில் ஒருவரான ஹோசே ரிசாலின் 'நோலி மே டாங்கரே' நாவல் 1887-ல் பெர்லினில் அச்சானது. அவர்களின் 'லா சொலிடாரிடாட்' இதழ் 1889-ல் பார்சிலோனாவில் தொடங்கியது. இன்றும் கதை அதுதான். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளில் இலோக்கானோ, செபுவானோ, தகாலோக் என்று பேச்சாலும் ஊராலும் பிரிந்திருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதி நடைபாதையில் அட்டை விரித்து உட்கார்ந்ததும் ஒருவருக்கொருவர் 'கபாயன்' ஆகிவிடுகிறார்கள். நம்ம ஊர்க்காரர் என்று பொருள்.

கரைவது அடையாளம் அல்ல, அரசின் பொறுப்பு. வேலையின்மைக்குத் தற்காலிக மருந்தாகத்தான் 1974-ல் அதிபர் மார்கோஸ் ஆட்சியின் தொழிலாளர் சட்டம் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசின் வேலையாக்கியது. 1988-ல் ஹாங்காங்கில் வீட்டுவேலைப் பெண்கள் முன்பு பேசிய அப்போதைய அதிபர் கொரசோன் அக்கினோ அவர்களைப் 'புதிய வீரர்கள்' என்றார். 1995-ல் பிலிப்பினோ வீட்டுவேலைப் பெண் ஃப்ளோர் கான்டெம்ப்லாசியோன் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது நாடே கொதித்தது. அதையடுத்து வந்த சட்டம், வெளிநாட்டு வேலையைப் பொருளாதார வளர்ச்சிக்கான வழியாக அரசு ஊக்குவிக்காது என்று எழுதி வைத்தது. ஆனால் 2024-ல் வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 3,400 கோடி டாலரைத் தாண்டியது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 8 சதவீதம். இந்த வருமானத்தை நம்பும் அரசு தன் மக்களைப் பொறுமைசாலிகள், புன்னகை மாறாதவர்கள், அன்பாகக் கவனித்துக்கொள்பவர்கள் என்று உலகுக்கு அறிமுகப்படுத்துகிறது. இது ஒரு தேசத்தின் குணச்சித்திரமா, வேலைக்கு ஆள் தேவை விளம்பரமா? போகிறவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பதில் தெரியும்.

அந்தப் பணம் இல்லாவிட்டால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, கூரைக்கு யார் ஓடு போடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போகாதே என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தடை போட்டும் பயனில்லை. குவைத்தில் ஒரு பிலிப்பினோ பணிப்பெண்ணின் உடல் உறைபெட்டியில் கிடைத்த பிறகு அங்கு ஆட்களை அனுப்ப 2018-ல் மணிலா விதித்த தடை சில மாதங்களில் ஓர் ஒப்பந்தத்தோடு விலக்கப்பட்டது. அரசு எதுவுமே செய்வதில்லை என்ற வாதமும் சரியல்ல. 2004-ல் ஈராக்கில் ஆஞ்சலோ டெலா குரூஸ் என்ற பிலிப்பினோ லாரி ஓட்டுநர் கடத்தப்பட்டபோது, அமெரிக்காவின் அதிருப்தியையும் மீறி அதிபர் குளோரியா அரோயோ அங்கிருந்த சுமார் 50 பேர் கொண்ட பிலிப்பைன்ஸ் படையைத் திரும்ப அழைத்தார். பயங்கரவாதத்துக்குப் பணிந்தார் என்ற பழியும் வந்தது. இருக்கட்டும், ஒரு லாரி ஓட்டுநரின் உயிரைக் கூட்டணிக்கு மேலாக வைக்கும்படி மக்கள்தான் அரோயோவை நெருக்கினார்கள். தேசம் என்ற சொல்லுக்குப் பொருள் இருந்தது அந்த நெருக்கடியில்தான், விமான நிலைய வரவேற்புப் பதாகையில் அல்ல.

2021 இறுதியில் புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்றே தனி அமைச்சகம் அமைக்கச் சட்டம் வந்துவிட்டது. எத்தனை பேரை அனுப்பியது என்ற கணக்கு அதற்குப் பெருமை சேர்க்காது. ஊர் திரும்பியவர்களில் எத்தனை பேர் மறுபடி விமானம் ஏற வேண்டிய அவசியமின்றிப் பிழைக்கிறார்கள் என்ற கணக்கைத்தான் மணிலா மக்கள் முன் வைக்க வேண்டும்.