அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?

திருச்சி காந்தி மார்க்கெட் முன்னால் முதல் உலகப் போர் நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. வெங்காய லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் நின்று அதைப் படிப்பவர்கள் குறைவு. படித்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். இங்கிருந்து 302 பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அந்த 41 பேரில் ஒருவர் பெயர்கூட அந்த வாசகத்தில் இல்லை.

இதே வாசகத்தை, எண்களை மட்டும் மாற்றி, அன்றைய இந்தியாவில் ஊர் ஊராகக் கல்லில் பதித்தார்கள். எங்கள் தொழிலில் இதை டெம்ப்ளேட் என்போம். ஊர், போனவர் தொகை, செத்தவர் தொகை என மூன்று காலியிடங்கள். பெயருக்கு இடம் கிடையாது.

மறதியில் விட்டுப்போனது என்று யாராவது சொன்னால் பாஸ்ராவைக் காட்டுங்கள். மெசபடோமியாவில் மாண்டவர்களுக்காக 1929-இல் அங்கே திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் வெட்டப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர். மற்றவர்கள் 'மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்' என்று படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணாகிப் போனார்கள். கல்லில் எண் போட்ட அதே நிர்வாகத்தின் கையில் பெயர்ப் பட்டியல் இருந்தது. 2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களுமாக 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பதிவாகவில்லை என்றது. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டார்கள்.

சரி, அவர்கள் கணக்கு அது. நம்ம கணக்கு என்ன?

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்கள் 2,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. அவற்றில் ஒன்றில் செத்தவன் பெயர், ஊர், மாடுபிடிச் சண்டையில் செத்தான் என்ற காரணம், மூன்றும் தமிழ் பிராமியில் இருக்கின்றன. அந்தக் காலத்து மாடுபிடிச் சண்டைக்குக் கிடைத்த மரியாதைகூட உலகப் போரில் செத்த திருச்சிக்காரனுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் போய் எண்பது வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அவனையே கைகாட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

பிஷப் ஹீபர் 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி திருச்சியில் இறந்தார், தூய யோவான் தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். இதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் இரண்டு நிமிடம் போதும். அவர் பிரபலம் என்பதால் மட்டுமல்ல. சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, அட்டவணையோடு. சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே.ஜே. காட்டன் 1905-லேயே புத்தகம் போட்டார். அதனால் இருநூறு வருஷத்துக்கு முன் திருச்சிப் பாளையத்தில் காலராவில் செத்த ஐரிஷ் சிப்பாயின் பேத்திக்குப் பேத்தி டப்ளினில் உட்கார்ந்தே அவரைத் தேடலாம். அதே பாளையத்தில் செத்த தமிழ்ச் சிப்பாயின் குடும்பம் திருச்சியிலேயே இருந்தாலும் தேட முடியாது.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்ய உட்கார்ந்தால் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார்கள். மூன்றாவது பெயரில் பலர் திணறுவார்கள். இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது. சாஸ்திரம் இறங்கி வருகிறது. பென்ஷன் ஆபீஸ் இறங்கி வராது, அதற்குத் தேதி வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. கணவர் இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர், 1971-இல் சொந்தக் கிராமத்தில் இறந்தார். அப்படிப்பட்டவர்களின் மனைவியருக்குத் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை தருகிறது. அதற்குக் கணவரின் இறப்புச் சான்று வேண்டும். பாட்டிக்குத் தெரிந்த தேதி, "மாசி மாசம், சிவராத்திரிக்கு முன்னாடி." இதை எடுத்துக்கொண்டு நான் ஓர் அலுவலகத்தின் சன்னலில் நின்றேன்.

"அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் சார். பக்கத்து வீடு."

"அப்ப சம்பந்தப்பட்டவங்களை வரச் சொல்லுங்க. தேதி தெரியாம தேட முடியாது."

பாட்டியைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனோம். பத்து நிமிடத்தில் 'பதிவு இல்லை' என்று ஒரு தாள் வந்தது. பதிவேட்டைப் புரட்டிவிட்டுத்தான் எழுதினார்களா என்பது எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 17. பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேட்கவும், இறப்புப் பதிவின் சான்றைப் பெறவும் எந்த நபருக்கும் உரிமை உண்டு. கட்டணம் கட்ட வேண்டும், விதிகளுக்கு உட்பட வேண்டும். இறப்பின் காரணத்தை மட்டும் வெளியே சொல்லக்கூடாது. 'எந்த நபரும்' என்றுதான் இருக்கிறது. மகன் என்றோ, மனைவி என்றோ, வாரிசு என்றோ அந்தப் பிரிவு பிரித்துப் பேசவில்லை. "நீங்க என்ன வேணும்?" என்ற கேள்வி சட்டத்திலிருந்து வரவில்லை, சன்னலிலிருந்து வருகிறது.

பட்டாளத்துக் குடும்பங்களுக்கு இந்தச் சன்னல் கூடுதல் தண்டனை. நம் சட்டப்படி மரணம் நடந்த இடத்தில்தான் பதிவு. முசிறிக்காரர் புனேயில் ராணுவ மருத்துவமனையில் இறந்தால் பதிவு புனேயில். அவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் பணி ஆவணம் நீலகிரி வெலிங்டனில். மனைவி பெயர் ஒரு தாளில் செல்லம்மாள், ஆதாரில் செல்லம்மா. இந்த ஒரு 'ள்' வித்தியாசத்துக்கு நோட்டரி, பிரமாணப் பத்திரம், ஆறு மாத அலைச்சல். காணாமல் போனவர் என்றால், ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்ற சட்ட ஊகத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும்.

வம்சம் தேடுபவர்கள் நிலை இன்னும் விசித்திரம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர், ஜில்லா எல்லாம் கப்பல் பட்டியல்களில் உண்டு. ஆளை அடிமை போல ஏற்றிப் போனவன்கூடத் தகப்பன் பெயரை எழுதிக்கொண்டான். அந்தத் தாளோடு ஐந்தாம் தலைமுறை திருச்சியில் வந்து இறங்கினால், ஊரில் தங்கிவிட்ட அண்ணனின் கிளையைத் தேட இங்கே ஒரு அட்டவணை கிடையாது.

பதிவேடே இல்லை என்று நினைக்காதீர்கள். திருச்சி நகராட்சி 1866-இல் தோன்றியது. ஸ்ரீரங்கம் தனி நகராட்சியாக இருந்து 1994-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. கிராமங்களில் 1980-இல் அந்தப் பதவி ஒழியும்வரை முன்சீப் எழுதினார். பழைய கிராமப் பதிவேடுகளைத் தேடிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. எழுதியவர்கள் ஒழுங்காகவே எழுதினார்கள். எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலும், உள்ளே தேட ஒரு இன்டெக்ஸும்தான் இல்லை.

இன்டெக்ஸ் இல்லாத டேட்டாபேஸ் பூட்டிய பீரோ மாதிரி. அதைவிட மோசம், அது பொய் சொல்லும். இருக்கும் பதிவை 'இல்லை' என்று சொல்லும். 'இல்லை' என்ற தாளோடு குடும்பம் கோட்டாட்சியரிடம் போய்த் தாமதப் பதிவுக்கு உத்தரவு வாங்கும். விளைவு, ஒரே ஆள் இரண்டு தடவை சாகிறார், இரண்டு வெவ்வேறு தேதிகளில். பிறகு நிலப் பட்டாவில் சண்டை வந்தால் எது உண்மை என்று நீதிமன்றம் உட்கார்ந்து பார்க்கும்.

மறுப்புகள் வரும். "பதிவைத் திறந்துவிட்டால் சொத்து மோசடி நடக்கும்." இப்போது நடப்பது என்ன சார்? உயிரோடு இருப்பவர் இறந்ததாகப் போலிச் சான்று தயாரிப்பவனுக்கு வசதியே, அதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது என்பதுதான். "அந்தரங்கம் கெடும்." அதற்கான வேலியைச் சட்டமே போட்டிருக்கிறது, காரணம் வெளியே வராது. ஸ்காட்லாந்தில் 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் படத்தை யாரும் இணையத்தில் பணம் கட்டிப் பார்க்கலாம். இறந்தவர்கள் யாரும் புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை. "ஆள் பற்றாக்குறை." இது மட்டும் நியாயமான பதில். ஆனால் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் தேசியத் தரவுத்தளம் வேண்டும் என்கிறது. இனி சாகிறவர்களுக்குத் தரவுத்தளம், ஏற்கெனவே செத்தவர்களுக்குக் கரையான் என்று பிரிப்பது என்ன நியாயம்?

கேட்பது பெரிய விஷயம் இல்லை. திருச்சி, ஸ்ரீரங்கம், சுற்றுக் கிராமங்களின் எந்த வருஷத்துப் பதிவேடு எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல். 50 ஆண்டு கடந்த பக்கங்களின் படம். பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், ஊர், வருஷம் என்று நான்கே நான்கு பத்திகளில் அட்டவணை. முத்துசாமி என்று பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்தால் ஒருவர்தான் வருவார். ஆங்கில ஸ்பெல்லிங் வேண்டாம், பதிவேட்டில் தமிழில் இருப்பதைத் தமிழிலேயே அடித்தால் போதும்.

41 பேருக்கும் இதே வழிதான். போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பல இந்தியச் சிப்பாய்களுக்கு இன்னாரின் மகன், இன்ன ஊர் என்று கூடுதல் தகவல் இருக்கிறது. ட்ரிச்சினாபொலி என்று போட்டுத் தேடுவது ஒரு கல்லூரி மாணவரின் ஒரு நாள் வேலை. வருகிற பெயர்களைக் கிராமப் பதிவேடுகளோடும் குடும்பங்களோடும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது மாவட்ட நிர்வாகத்தின் வேலை. பெயர் தேறியதும் கல்லில் வெட்டச் சிற்பிக்குப் பஞ்சமான ஊரா இது?

அதுவரை தனி ஆளாகச் செய்ய ஒன்று உண்டு. சன்னலில் "என்ன வேணும்?" என்று கேட்டால் உறவு சொல்லாதீர்கள். பிரிவு 17-இன் கீழ் தேடல் வேணும், எழுத்தில் பதில் வேணும் என்று சொல்லுங்கள். கட்டணத்தைக் கட்டுங்கள். எந்தப் பதிவேட்டில், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை தேடினார்கள் என்று அந்தப் பதிலில் எழுதச் சொல்லுங்கள். ரசீதை வாங்காமல் நகராதீர்கள்.