கிட்டப்பாவைக் குளிப்பாட்டாதீர்கள்

மணலி புதுநகரில் சங்கீதம் கேட்க வேண்டுமானால் இரவு பன்னிரண்டு மணிக்குமேல்தான் உட்கார வேண்டும். அதுவரை துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஜன்னல் கண்ணாடியில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். இப்படிச் சத்தத்திலேயே குடித்தனம் நடத்துகிறவனுக்கு இசைத்தட்டின் இரைச்சல் ஒரு பொருட்டா? ஆனால் என் நண்பர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. செங்கோட்டை கிட்டப்பாவின் பாட்டுகளை யாரோ 'சுத்தம் செய்து' வெளியிட்டிருப்பதைக் கொண்டுவந்து, "கேளுங்கள் சார், நேற்றுப் பாடினதுபோல் இருக்கிறது" என்றார்.

கேட்டேன். நேற்றுப் பாடினதுபோல்தான் இருந்தது. பாடியவர் கிட்டப்பா அல்ல, அவ்வளவுதான்.

அதே பாட்டு என்னிடம் வேறொரு பிரதியிலும் உண்டு. யாரோ ஒரு ரசிகர் தட்டை ஓடவிட்டு, அப்படியே ஒலிநாடாவில் பிடித்தது. வாணலியில் கடுகு வெடிப்பதுபோல் சதா ஒரு சத்தம். அரை நிமிஷம்தான், பிறகு காது அதை ஒதுக்கிவிடுகிறது. மழை பெய்கிறபோது திண்ணையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு மழையா கேட்கிறது? அந்த மழைக்குப் பின்னால் கிட்டப்பா மேல் ஸ்தாயிக்குத் தாவும்போது குரலின் நுனியில் ஒரு ஜொலிப்பு உண்டு. புதுப் பிரதியில் அந்த நுனியையே காணோம். நகம் வெட்டுகிறேன் என்று விரலையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்துத் தட்டு அரக்கும் கல்பொடியும் கலந்து செய்தது. ஊசி அந்தப் பொடியில் உரசுவதால்தான் இரைச்சல். குரலின் பிரகாசம் குடியிருக்கிற உயர்ந்த அதிர்வுகளிலேயே இந்த இரைச்சலும் குடியிருக்கிறது. ஒன்றைக் காலி செய்யச் சொன்னால் மற்றதும் மூட்டையைக் கட்டிவிடுகிறது. போனதை ஈடுகட்ட எதிரொலியைச் சேர்க்கிறார்கள். மெல்லியதையும் பலத்ததையும் ஒரே மட்டமாக்கி உரக்க வைக்கிறார்கள். பாவம், கிட்டப்பாவும் ஹார்மோனியமும் ஏதோ காலிக் கல்யாண மண்டபத்தில் அகப்பட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது!

வேகம் இதைவிட அக்கிரமம். பேர்தான் 78 சுற்று. எல்லாத் தட்டும் அந்த வேகத்தில் பதிவானதல்ல. நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். என் இரண்டு பிரதிகளும் சுருதியில் ஒத்துவரவில்லை. (பழையதுதான் யோக்கியம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.) கிட்டப்பா எத்தனை கட்டையில் பாடினார் என்று சண்டை பிடிக்கிற ரசிகர்கள் பாடகருக்காகச் சண்டை பிடிக்கிறார்களா, மோட்டாருக்காகவா?

பழசெல்லாம் தங்கம் என்று சொல்லும் கிழவனல்ல நான். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. கீறலை எடுக்கட்டும், அதனால் குரல் சாகாது. தட்டைக் கழுவி, எல்.பி. ஊசியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான, 78-க்கென்றே உள்ள ஊசியை வைத்தாலே இரைச்சல் எவ்வளவோ அடங்கும். ஜாஸ் ரசிகர்கள் இந்தச் சண்டையை நமக்கு முன்பே போட்டாகிவிட்டது. 1923-ல் கிங் ஆலிவர் கோஷ்டி, மைக் இல்லாமல் குழாய்க்கு முன் நின்று ஊதிய தட்டுகளைப் புதுப்பித்தவர்களில் இங்கிலாந்தின் ஜான் ஆர். டி. டேவிஸைத்தான் அவர்கள் கொண்டாடுகிறார்கள். கொஞ்சம் இரைச்சலை விட்டுவைக்கத் தெரிந்த மனிதர் அவர்.

நமக்கு அந்த நிதானம் இன்னும் அதிகமாக வேண்டும். கே. பி. சுந்தராம்பாளைச் சினிமாவில் பார்க்கலாம், கேட்கலாம். கிட்டப்பா 1933-ல், இருபத்தேழு வயதில் போய்விட்டார். சினிமாவில் அவர் முகம் காட்டவில்லை. பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சொச்சமும் ஓடுகிற இந்த அரக்குத் தட்டுகளைத் தவிர அந்தக் குரலுக்கு வேறு சாட்சி கிடையாது. சாட்சியைத் திருத்துவதற்கு இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

விற்கிறவர்கள் தாராளமாக விற்கட்டும். ஆனால் கைவைக்காத பிரதியையும் பக்கத்திலேயே வைக்கட்டும். எந்த வேகத்தில் ஓட்டினோம், எதை எடுத்தோம், எதைச் சேர்த்தோம் என்று உறையில் இரண்டு வரி அச்சடிக்கட்டும். நண்பர் கொடுத்ததின் உறையில் சினிமாப் போஸ்டர்போல் வர்ணம் தீட்டிய கிட்டப்பா படம் இருந்தது. அந்த இரண்டு வரியைக் காணோம். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.