இடைவேளைப் பிரசங்கம்

கதை கட்டுவது என் தொழில். ஆகவே, பிறர் கட்டிய கதையில் எந்த முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று கண்டுகொள்ளக் கொஞ்சம் தெரியும்.

மெல்போர்ன்காரர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. 1970 செப்டம்பர் 26. ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதி ஆட்டம். மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 1,21,696 பேர். இந்த ஆட்டத்தில் கோலுக்கு ஆறு புள்ளி. பந்து சற்றே விலகிப் பக்கக் கம்பத்தோரம் போனால் ஒரே புள்ளி. பாதி ஆட்டத்தில் காலிங்வுட் 73, கார்ல்டன் 29. இடைவேளையில் கார்ல்டன் பயிற்சியாளர் ரான் பராஸி, "உதைக்காதீர்கள், பந்தை முஷ்டியால் குத்திக் கொடுத்துக்கொண்டே முன்னேறுங்கள்" என்கிற கருத்தில் முழங்கினாராம். 111–101 என்று கார்ல்டன் ஜெயித்ததாம். நவீன ஆட்டமே அன்றுதான் பிறந்ததாம்!

முழங்கியது நிஜம், ஜெயித்ததும் நிஜம். பிறந்தது என்பதுதான் பொய். அந்த வித்தையை லென் ஸ்மித் முன்பே போதித்திருந்தார். ஜீலாங் அணியின் கிரஹாம் ஃபார்மர் அறுபதுகளிலேயே ஆடிக் காட்டியிருந்தார். குழந்தைக்குத் தகப்பன் பெயரை மாற்றி எழுதுவது என்ன நியாயம்?

கணக்கையும் பாருங்கள். கார்ல்டன் 17 கோல், 9 தவறு. காலிங்வுட் 14 கோல், 17 தவறு. குறி வைத்ததில் தோற்றவர்களே அதிகம்! அந்தப் பதினேழில் பதின்மூன்று, அவர்கள் கொடிகட்டிப் பறந்ததாகச் சொல்லப்படும் முற்பாதியில். அவற்றில் மூன்றே மூன்று கோலாகியிருந்தால் பிரசங்கத்தை இன்று யார் நினைக்கப் போகிறார்கள்?

"பிற்பாதியில் 82க்கு 28 என்று ஆடினார்களே?" என்பீர்கள். ஆடினார்கள். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய டெட் ஹாப்கின்ஸ் நாலு கோல் போட்டார். அடுத்த வருஷம் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு விலகிக்கொண்டார். அவரை இறக்கியவர் பராஸிதான். அதற்குக் கைதட்டுகிறேன். ஆனால் அது நாவின் பெருமையல்ல. ஆளை அறிந்த கண்ணின் பெருமை.

இதற்கெல்லாம் ஏன் வழக்காடுகிறேன் என்றால், இந்தக் கதை ஓர் அணியைப் பலி வாங்கியிருக்கிறது. வீரன் பிறக்க ஒரு கோழை வேண்டுமல்லவா? 1990ல் கோப்பை கிடைக்கும் வரை, இறுதி ஆட்டம் என்றாலே காலிங்வுட்டுக்குக் கால் நடுங்கும் என்று ஊரே பரிகசித்தது. பத்துப் புள்ளியில் தோற்றவர்களுக்கு இருபது வருஷத் தண்டனை!

கதை எழுதும் நாங்கள் கற்பனைப் பாத்திரங்களைத்தான் கோழையாக்குகிறோம். நிஜ மனிதர்களை ஆக்குகிறவர்கள் எங்களைவிடத் துணிந்தவர்கள்.