டிராகன் நம்ம ஊரில் இல்லையாம்

போன மாதம் சுங்கை பாக்காப்பில் நண்பன் வீட்டில் ஆறேழு பேர் கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசினோம். மேரி பிரென்னன் எழுதி 2013-இல் வெளிவந்த ‘எ நேச்சுரல் ஹிஸ்டரி ஆஃப் டிராகன்ஸ்’. விக்டோரியா காலத்து இங்கிலாந்தைப் போன்ற ஒரு கற்பனை நாடு. பெண்ணுக்கு எதற்கு இது என்று சொல்லப்பட்டதையெல்லாம் படித்து வளரும் இசபெல்லா, டிராகன்களை ஆராயக் கணவனோடு மலைநாட்டுக்குப் போகிறாள். வயதான பிறகு அதை நினைவுக்குறிப்பாக எழுதுகிறாள். எல்லாருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

கிளம்பும் நேரத்தில் ஒருவர் சொன்னார்: “நம்மகிட்ட இதெல்லாம் இல்ல லா. டிராகனும் இல்ல, அந்த மாதிரி பொம்பளையும் இல்ல. தோட்டத்துக் கதையத்தான் எழுதணும்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

அவர் சொன்ன இரண்டுமே பொய்.

டிராகன் இருக்கிறது. பறக்கும் ஓணானுக்கு 1758-இல் லின்னேயஸ் வைத்த பெயரே டிராக்கோ வோலன்ஸ், பறக்கும் டிராகன். அதன் உறவான டிராக்கோ சுமத்ரானுஸ் நம் தோட்டத்து மரங்களிலும் வீட்டுத் தென்னையிலும் சாதாரணமாகத் திரிகிறது. மலாய்க்காரர்கள் சிச்சாக் கூபின் என்பார்கள். நீண்ட விலா எலும்புகளை விரித்தால் பக்கவாட்டுத் தோல் இறக்கையாகிவிடும். மரம் விட்டு மரம் மிதந்து போகும். நெருப்பைக் கக்காது, எறும்பைத் தின்னும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மாதிரி பொம்பளையும் இருந்தார். என் பாட்டி. இந்த வட்டாரத்தில் கரும்பு போய் ரப்பர் வந்த தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். இருட்டில் பெரட்டு, விடியும்போது நிரை. அதே மரங்களை ஓரடி தூரத்தில் நின்று முப்பது வருஷம் பார்த்த கண் அது. எந்த ஆராய்ச்சியாளருக்கு அது வாய்த்தது? ஆண் ஓணானின் கழுத்தில் நீளும் மஞ்சள் மடலைப் பார்த்து ‘மஞ்சத் தாடிக்காரன்’ என்று பேர் வைத்திருந்தார். “பொட்ட, முட்ட போடத்தான் கீழ எறங்கும். மூக்காலயே மண்ண நோண்டும். மிதிச்சுப்புடாத” என்பார். பல வருஷம் கழித்து ஊர்வன பற்றிய புத்தகமொன்றில் அதையே படித்தேன். பாட்டி சொன்னது சரி.

நாவலில் இசபெல்லாவுக்குப் பணிவிடை செய்ய டக்மிரா என்ற உள்ளூர்ப் பெண் வருகிறாள். அந்த மலை அவளுடையது, புத்தகம் இசபெல்லாவுடையது. பிரென்னனை நான் குறை சொல்லவில்லை. கிழவி இசபெல்லா தன் இளவயது அறியாமையைத் தானே குத்திக்காட்டுகிறாள். நிஜ வரலாற்றுக்கு அந்தக் கூச்சம்கூட இல்லை. 1858-இல் பாச்சான் தீவில் அதுவரை அறிவியல் அறியாத ஒரு சொர்க்கப் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தவர் சரவாக்கைச் சேர்ந்த அலி. பறவைக்குக் கிடைத்த பெயர் அவருடைய எஜமானர் வாலஸின் பெயர். 1879-இல் இன்னொரு இசபெல்லா, இசபெல்லா பேர்ட், பினாங்குக்கும் பேராக்குக்கும் வந்தார். 1883-இல் புத்தகம் வந்தது, இன்றும் படிக்கிறோம். அதே காலத்தில் இங்கே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக நின்ற தமிழ்ப் பெண்கள் என்னென்ன பார்த்தார்கள்? நான் தேடிய வரை அவர்கள் சொன்னதாக ஒரு வரியும் கிடைக்கவில்லை.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு இத்தோடு முடிப்பது வசதி. எழுதப் படிக்கத் தெரிந்த நாம் என்ன செய்தோம்? நான் படித்த பெரும்பாலான தோட்டக் கதைகளில் பாட்டி அழுவாள், அடிபடுவாள், கடைசியில் செத்துப்போவாள். ரப்பர் மரம் அவள் சோகத்துக்குப் பின்னால் தொங்கும் திரை. அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. கிராணி அவளைக் கூலிக் கணக்கில் எழுதினான், நாம் கண்ணீர்க் கணக்கில் எழுதினோம். என் முதல் சிறுகதையும் அப்படித்தான். பாட்டியை மழையில் நனையவிட்டு அழவைத்தேன். பரிசும் வாங்கினேன். மஞ்சத் தாடிக்காரன் அதில் இல்லை. இலக்கியத்துக்கு ஓணான் எதற்கு என்று நினைத்திருப்பேன்.

“வயித்துக்கே இல்லாதவங்களுக்கு இயற்கை ஆராய்ச்சியா?” என்று கேட்பார்கள். பாம்பு எங்கே சுருண்டு கிடக்கும், எந்தத் தழை காயத்துக்கு ஆகும், மேகம் எப்படிக் கூடினால் பால் வீணாகும் என்று தெரியாமல் அந்த நிரையில் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க முடியாது. அவர்களுக்கு அந்த அறிவுதான் வயிற்றுப்பாடு. அதை விட்டுவிட்டு எழுதும் வறுமை பாதி வறுமை.

அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. பாட்டியும் இல்லை. அவருக்குத் தெரிந்ததில் நான் கேட்டு வைத்துக்கொண்டது இந்த ஒரு ஓணான் மட்டும்தான்.

தமிழில் ஃபேண்டஸி எழுத ஆசைப்படும் தம்பி தங்கைகளே, இறக்கையை இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து கடன் வாங்குவதற்கு முன்னால், உங்கள் தாமானில் இன்னும் உயிரோடு இருக்கிற ஒரு பால்வெட்டுப் பாட்டியிடம் போய் உட்காருங்கள். ‘எவ்வளவு கஷ்டப்பட்டீங்க’ என்று தொடங்க வேண்டாம். அதை எல்லாரும் கேட்டாயிற்று. “காலையில நெரைக்குப் போறப்ப என்னென்ன பாத்தீங்க பாட்டி?” என்று கேளுங்கள்.