பரிகளுக்கு எத்தனை பரிவலு?

"மாமா, குதிரை வளர்ப்பவனுக்கு எத்தனை பரிவலு வேண்டும்?" என்று என் சகோதரியின் மகன் கேட்டபோது, பள்ளிப் பிள்ளைகள் போடும் விடுகதை என்றெண்ணி நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த வர்ணப் பத்திரத்தை என் முன்னே விரித்தான். அதிலே எழுபத்தைந்து பரிவலுவுள்ள புத்தம் புதிய உழவு யந்திரமொன்று, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றுகொண்டிருந்தது.

கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சொல்லவேண்டும். வெள்ளவத்தையிலே பிறந்து, கடலையும் புகையிரதப் பாதையையும் தவிர வேறு வெளியைக் காணாது வளர்ந்த பிள்ளை அவன். யார் செய்த மாயமோ, சிறு வயது முதலே குதிரைப் பித்து. கொழும்பிலே குதிரைப் பந்தயம் ஓய்ந்தது 1956ஆம் ஆண்டில். 1893இல் கறுவாத்தோட்டத்தில் அமைந்த அந்தப் பந்தயத் திடலில் இன்று விளையாட்டரங்கும் கடைகளுமே உள்ளன. ஆயினும் நுவரெலியாவில் ஏப்பிரல் வசந்த காலத்தில் குதிரைகள் இன்னும் ஓடுகின்றன. ஓடிக் களைத்து, இனி ஓடாது எனக் கழிக்கப்பட்ட நான்கு குதிரைகளை வாங்கி, சிலாபத்துக்கு அண்மையில் தகப்பன் விட்டுச் சென்ற ஆறு ஏக்கர் தென்னங்காணியில் கட்டியிருக்கிறான். பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் பழக்குவது அவன் எண்ணம். இதுவரை கைவண்டியும் மண்வெட்டியும் போதுமாயிருந்தன. இப்போது போதவில்லை.

லீசிங்கில் எடுத்துவிடலாம் என்றான். முற்பணத்துக்கு என்ன வழி என்று நான் கேட்டேன். அவன் தாயைப் பார்த்தான். தாய் தன் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளில் எஞ்சியிருந்தவை நான்கு காப்புகள். தவணை தவறினால் யந்திரம் போய்விடும், காப்பும் திரும்பாது. ஆகையினால் அன்று இரவே நானும் அவனும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "யந்திரத்தைப் பற்றிப் பேசாதே, தம்பி. வேலையைப் பற்றிப் பேசு. நாளொன்றுக்கு என்ன வேலை, மாதத்துக்கு என்ன வேலை, ஆண்டுக்கு ஒருமுறை என்ன வேலை என்று எழுது," என்றேன்.

முதலாவதாக வந்தது இலத்தி. அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். குதிரைப் பண்ணையின் முழுமுதற் பிரச்சினை இதுவேயாகும். ஆயிரம் இறாத்தல் எடையுள்ள குதிரை ஒன்று, இலத்தியும் சிறுநீருமாக நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது இறாத்தல் கழிக்கும். நான்கு குதிரைக்கு இருநூறு. ஆண்டொன்றுக்கு எழுபத்துமூவாயிரம் இறாத்தல், அதாவது முப்பத்திரண்டு தொன்னுக்கு மேல். கீழே பரப்பும் வைக்கோலும் மரத்தூளும் இதில் அடங்கா. இவ்வளவையும் லாயத்திலிருந்து எருக்குழிக்கும், மக்கியபின் எருக்குழியிலிருந்து தென்னைகளுக்கும் கொண்டுசெல்ல வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அயல் தோட்டக்காரர்கள் இந்த எருவைத் தேடி வந்தார்களாம். ஆகவே இது சுமை மாத்திரமல்ல, செல்வமும் ஆகும்.

அடுத்தது தண்ணீர். குதிரையொன்று நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்துக் கலன் வரை குடிக்கும். வெயிற்காலத்தில் அதற்கும் மேல். கிணறு ஒரு மூலையில், மேய்ச்சல் மறுமூலையில். பிறகு புல். தென்னைகளுக்கிடையே வளர்ந்து முற்றிவிடும் கினிப்புல்லை வெட்டாவிட்டால், குதிரை இளந்தளிரை மட்டும் பொறுக்கித் தின்று, மற்றதை மிதித்துவிடும். வெட்டிய புல்லைக் குவியலாகக் கிடந்து சூடேறிய பின்பு குதிரைக்குப் போடவும் கூடாது. வயிற்றுநோவு கண்டு மாண்டுபோன குதிரைகள் உண்டு. ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை நிலத்தைக் கிளற வேண்டும். கடைசி வரியில், "பட்டுப்போன தென்னங்குற்றிகளைப் பிடுங்குதல்" என்று எழுதினான். அந்த வரியைக் கண்டதும் எனக்கு நெஞ்சு ஒருகணம் திக்கென்றது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

மறுநாள் கொட்டாஞ்சேனையிலிருக்கும் என் பழைய சிநேகிதரிடம் இந்தத் தாளைக் கொண்டுபோனோம். ஐம்பது வருடங்கள் யந்திரங்களைப் பிரித்துப் பூட்டியவர் அவர். தாளை முழுவதும் வாசித்துவிட்டு, "தம்பி, இதிலே எழுபத்தைந்து எங்கே இருக்கிறது?" என்றார்.

அவர் சொன்ன கணக்கை மாணவர்களுக்காகவும் இங்கே தருகிறேன். பரிவலு என்பது ஜேம்ஸ் வாட் வகுத்த அளவு. நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலை. சாதாரணக் குதிரை நாள் முழுவதும் அவ்வளவு உழைக்காது. ஆனால் சில விநாடிகளுக்கு அதைப்போற் பன்மடங்கு பலங்காட்டவும் வல்லது. யந்திரத்தின் நெற்றியில் எழுதியிருக்கும் பரிவலு முழுவதும் வேலைக்கு வந்துசேர்வதில்லை. பி.ரி.ஓ. என்று யந்திரகாரர் வழங்கும் பின்புறச் சுழல்தண்டுக்கு எவ்வளவு வருகிறது என்பதே விஷயம். புல்வெட்டும் சுழல்கத்திக்கு, ஓரடி அகலத்துக்கு ஐந்து பரிவலு என்பது கைக்கணக்கு. நாலடிக் கத்திக்கு இருபது போதும். தென்னை வரிசைகளுக்கிடையே இருபத்தாறு அடிதான் இடைவெளி. அதற்குள் திரும்பி வர ஆறடிக் கத்தியும் அதை இழுக்கும் பெரிய யந்திரமும் எதற்கு? மேலும், உரிமட்டை புதைத்த குழிகள் உள்ள காணியில் மாரிகாலத்தில் பாரமான யந்திரத்தை விட்டால், அது புதையும். அல்லது நிலத்தை இறுக்கித் தென்னைவேரின் மூச்சை அடைக்கும்.

"அப்படியானால் லாண்ட்மாஸ்டர் ஒன்று போதாதா?" என்றேன் நான். இரண்டு சில்லுக் கைக் கலப்பை யந்திரத்துக்கு எங்கள் வடபகுதியில் அதுதான் பெயர். அந்தப் பெயருள்ள ஆங்கிலேய யந்திரம் முதலில் வந்ததால், பின்னே வந்த ஜப்பானிய யந்திரங்களும் அந்தப் பெயரிலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டன. பன்னிரண்டு பரிவலு அளவில், பெட்டியையும் பூட்டினால் எருவும் தண்ணீரும் தாராளமாய் ஏற்றும். டீசலும் குறைவு. 2022இல் டீசலுக்காக இராப்பகலாய் வரிசையில் நின்றவர்களுக்கு இது சிறிய விஷயமன்று. நான் ஏறக்குறைய அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஆனால் முற்றிய கினிப்புல்லை ஆறு ஏக்கரிலும் அதனால் வெட்ட முடியாது; பின்புறத்தில் ஒரு பாரத்தைத் தூக்கவும் முடியாது. பிரகாசமான விளக்கில்லாத பெட்டியுடன் இரவில் பெருந்தெருவில் அது ஊர்ந்து செல்வதால் வரும் விபத்துக்களை நாம் பத்திரிகைகளில் வாசிக்கிறோமல்லவா? சிநேகிதர் தாளின் ஓரத்தில், "35 – 45, பழையது, நாலு சில்லு" என்று எழுதிக் கொடுத்தார்.

இவ்விடத்தில் ஹரி பேர்குசன் என்ற ஐரிஷ்காரரை நினைக்காமல் இருக்க முடியாது. 1909இல் அயர்லாந்திலே முதன்முதல் விமானம் ஓட்டியவரும் அவரே. ஆனால் உலகம் அவரை நினைப்பது கலப்பைக்காக. முற்காலத்தில் கலப்பையை யந்திரத்தின் பின்னே வண்டிபோலக் கட்டி இழுத்தார்கள். கலப்பை கல்லில் மாட்டினால், சில்லு சுழல முடியாமல் யந்திரத்தின் முன்பாகம் எழுந்து, ஓட்டுபவன் மேலேயே மல்லாந்து விழும். பேர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் யந்திரத்தோடு இணைத்தார். எண்ணெய் அமுக்கத்தால் அதைத் தூக்கவும் தாழ்த்தவும் செய்தார். மண்ணின் எதிர்ப்பு பின் சில்லுகளின் மேல் பாரத்தை ஏற்றியதால், சிறிய இலேசான யந்திரமும் பெரிய யந்திரத்தின் வேலையைச் செய்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றியில் செய்யப்பட்ட அவருடைய சாம்பல்நிற யந்திரங்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல். பிற்பாடு மசி நிறுவனத்துடன் இணைந்து, 1964இல் வெளிவந்த மசி பேர்குசன் 135 அதன் வழித்தோன்றல்தான். நம் நாட்டு வயல்களில் அதைக் காணாதவர் யார்? அறுபது வயதாகியும் உழைப்பவை உண்டு. உதிரிப்பாகம் வேண்டுமானால் பஞ்சிகாவத்தையில் ஒரு காலைப்பொழுது சுற்றினால் போதும். உதிரிப்பாகம் கிடைக்காத புது யந்திரத்தைவிட, கிடைக்கும் பழைய யந்திரம் மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் பேர்குசனின் மூன்று புள்ளிகளும் சங்கிலிக்கு உதவா. அதற்குத்தான் குற்றியென்றதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. 1960களில் நாங்கள் வன்னியிலே குடியிருந்தபோது, பக்கத்து வளவு அண்ணர் ஒருவர் பாலைமரக் குற்றியொன்றைப் பிடுங்க முனைந்தார். சங்கிலியைக் கீழேயுள்ள இழுவைச் சட்டத்தில் மாட்டாமல், அதற்கு மேலே அச்சிலே சுற்றினார். கிளச்சை விட்டார். குற்றி அசையவில்லை, யந்திரம் குதிரை முன்னங்காலைத் தூக்குவதுபோல் எழுந்தது. வேலியருகே நின்ற எனக்கு, வாய் திறந்து கூப்பிட அவகாசமில்லை. ஒரு விநாடி, அவ்வளவுதான். அவருக்கு இருபத்துநான்கு வயது.

ஸ்வீடன் தேசத்தில் 1959இலேயே, புதிய உழவு யந்திரங்கள் யாவும் கவிழ்ந்தாலும் ஓட்டுபவனைக் காக்கும் இரும்புச் சட்டத்துடன் வரவேண்டுமென்று சட்டமியற்றினார்கள்; கவிழ்ந்து மாள்வோர் தொகை அங்கே வெகுவாகக் குறைந்தது. நம் பழைய 135களில் பெரும்பாலும் அது இராது. "காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டியும் இல்லாத யந்திரத்தில் நீ ஏறுவதானால் என் கண்ணுக்கு முன்னே வராதே," என்று மருமகனிடம் சொன்னேன். தெருமுனைப் பட்டறையில் ஒட்டிய குழாய் போதாது. சோதனை செய்து அந்த யந்திரத்துக்கென ஆக்கப்பட்டதாக இருக்கவேண்டும். சுழல்தண்டுக்கும் மூடி வேண்டும். நிமிடத்துக்கு 540 தரம் சுழலும் தண்டு சாரத்தின் நுனியைப் பற்றினால், மனிதனை விடுவிக்காது. குதிரையேற்றம் பழக வரும் பிள்ளைகள் ஓடித்திரியும் இடமல்லவா?

குற்றிகளைப் பிடுங்க ஆண்டுக்கொருமுறை மண்வாரி யந்திரத்தை வாடகைக்கு எடுப்பதென முடிவாயிற்று. ஒரு நாள் வேலைக்காகப் பெரிய யந்திரத்தை வாங்கி, மற்ற நாட்களெல்லாம் அதற்குத் தீனிபோடுவது, விருந்தினர் வரும் ஒரு நாளுக்காகக் கல்யாண மண்டபம் கட்டுவதை ஒக்கும்.

முதல் யந்திரத்தைப் பார்க்கக் கம்பகாப் பக்கம் போனோம். வரும்வரை இயக்கவேண்டாமென்று முன்னரே சொல்லியிருந்தும், சிநேகிதர் கையை வைத்தபோது மூடி சுட்டது. குளிர்ந்திருக்கும்போது இயங்க மறுக்கும் யந்திரத்தை இப்படித்தான் முன்கூட்டியே சூடேற்றி வைப்பார்கள். நீலப்புகை வேறு, உள்ளே எண்ணெய் எரிகிறது. கியர்ப்பெட்டி எண்ணெயைச் சொட்டாக எடுத்துப் பார்த்தால் பால்போல வெளுத்திருந்தது. வயற்சேற்றில் அச்சளவு அமிழ்ந்து உழுததில் தண்ணீர் புகுந்துவிட்டது. விற்பவரோ புதுப் பூச்சையே காட்டிக்கொண்டிருந்தார். மருமகன் அந்தச் சிவப்புப் பூச்சில் மயங்கி நின்றதை நான் கண்டேன். புகையிரதத்தில் வெள்ளவத்தை வரும்வரை அவன் எவருடனும் பேசவில்லை.

மூன்று ஞாயிறுகள் கழித்து, குருநாகல் பக்கத்து முதிய சிங்கள விவசாயி ஒருவர் வீட்டில் மற்றொன்று. பூச்சு உரிந்து, முன்மூடி நெளிந்து கிடந்தது. மூடி குளிர்ந்திருந்தது, இரண்டாம் திருப்பலில் இயங்கிற்று. பின்புறத்தில் பாரத்தைத் தூக்கி, யந்திரத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தோம். குடித்து முடிந்தும் பாரம் இறங்கவில்லை. பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கங்கள் யந்திரத்திலும் அடிச்சட்டத்திலும் பொருந்தின; கடன் கொடுத்தவர் எவர் பெயரும் அதில் இல்லை. வலப்புறப் பிறேக் மட்டும் பலவீனம் என்று முதியவர் தாமாகவே சொன்னார். அப்படிச் சொல்லும் வாய் மற்றவற்றிலும் பொய் சொல்லாதென நான் நம்பினேன். விலைபேச அதிக நேரமாகவில்லை. மருமகனின் சேமிப்பும் என்னுடைய சிறு கைமாற்றுமாகத் தொகை சேர்ந்தது. காப்புச் சட்டத்துக்கு மட்டும் இரண்டு காப்புகள் அடகுக்குப் போயின. "அதுக்கென்றால் சந்தோஷமாய்த் தருவேன்," என்று சகோதரி தானே கழற்றிக் கொடுத்தாள்.

சென்ற கிழமை சிலாபம் போயிருந்தேன். யந்திரத்தை லாயத்திலிருந்து தள்ளித்தான் இயக்கவேண்டுமென்று முன்பே சொல்லியிருந்தோம். மூன்று குதிரைகள் காதை நிமிர்த்தி, வேலியின் அடுத்த பக்கத்துக்கு ஓடின. நுவரெலியாவில் ஓடிய கிழட்டுச் சாம்பல் பெட்டை மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, பெட்டியிலிருந்த புல்லை எட்டி இழுத்தது.