குருளையின் விலை

நாயின் இளமைப் பெயர் குருளை. தொல்காப்பிய மரபியல் இச்சொல்லை நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்கு உரியதாக வைக்கிறது. இன்று நாம் 'குட்டி' என்கிறோம். சொல் மாறியதில் குறையொன்றும் இல்லை. அக்குட்டி நம் வீட்டுக்கு வந்துசேரும் வழி மாறியிருப்பதுதான் எண்ணிப்பார்க்கத் தக்கது.

ஒரு தலைமுறைக்கு முன்புவரை, தெருவில் ஒரு வீட்டு நாய் ஈன்றால் கண் திறந்த குட்டிகளைக் காணப் பிள்ளைகள் கூடுவர். பால்குடி மறந்தபின் கேட்டவர்க்கு ஒன்று கொடுக்கப்படும். கரிசல் வட்டாரத்தில் கன்னி, சிப்பிப்பாறை இன நாய்களை விலைக்குக் கொடுக்காமல் உறவுக்கும் நட்புக்கும் கொடுப்பதே பெருமை எனக் கருதியோர் உண்டு. வாங்கியவர் தாயைப் பார்த்திருந்தார். கொடுத்தவர் அக்குட்டி வளர்ந்து திரிவதைப் பின்னாளில் பார்த்தார். இன்றோ கைப்பேசித் திரையில் படத்தைப் பார்த்து, முன்பணம் அனுப்பி, பேருந்து நிலையத்தில் ஓர் அட்டைப்பெட்டியைப் பெற்றுக்கொள்வோர் பெருகிவிட்டனர். பெட்டிக்குள் குட்டி இருக்கிறது. அதன் தாய் எங்கே இருக்கிறது?

நாய்க்குட்டியை விற்றுப் பொருளீட்டுவதே தவறு என்று கூற நான் வரவில்லை. வாங்குவோர் கண்ணில் ஒருபோதும் படாத ஓர் உயிரின் உடலைத் தேய்த்து ஈட்டும் பொருள் அறவழிப்பட்டதன்று என்பதே என் கருத்து.

ஈனும் உடல்

பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவமடைகிறது. கருவைச் சுமப்பது ஏறத்தாழ 63 நாள்கள். ஈன்றபின் பல வாரங்கள் பாலூட்டுகிறது. ஒவ்வொரு பருவத்திலும் சினைப்படுத்தினால், முந்தைய ஈற்றில் உடல் இழந்த வலுவை மீட்டெடுக்கும் முன்பே அடுத்த சுமை தொடங்கிவிடும். அன்புக்காக நாய் வளர்ப்பவர் இதைச் செய்யமாட்டார். ஈற்றின் எண்ணிக்கையே வருவாயாகக் கொண்டவர்க்கு, ஒரு பருவத்தை விட்டுக்கொடுப்பது நட்டம்.

குட்டியின் பக்கமும் இதே கணக்குதான். ஐந்தாறு வாரங்கள்வரை குட்டிகளுக்கு உணவாக இருப்பது பெரிதும் தாய்ப்பாலே. அதன்பின் தீனி, குடற்புழு நீக்க மருந்து, தடுப்பூசி எனச் செலவு ஏறத் தொடங்குகிறது. ஆகவே, செலவு தொடங்குமுன் விற்றுவிட வணிகர் விரைகிறார். உள்ளங்கையில் அடங்கும் குட்டியே அழகு என்று வாங்குவோரும் விரும்புகின்றனர். உண்மையில், மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம்வரை நாய்க்குட்டி வாழக் கற்றுக்கொள்ளும் காலம். உடன்பிறப்புகளோடு கட்டிப்புரண்டு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்தமாகக் கடித்தால் அடுத்த உயிருக்கு வலிக்கும் என்பதை அது அறிகிறது. முப்பதாம் நாளில் பிரிக்கப்பட்ட குட்டி அப்பாடத்தைப் படிக்காமலே நம் வீட்டுக்கு வருகிறது. பின்னர் அது கடித்தால் 'கெட்ட நாய்' என்று பெயர் வாங்குவதும் அதுவேதான்.

இவற்றையெல்லாம் நம் நாட்டின் சட்டம் அறியாமல் இல்லை. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனி விதிகள் வகுக்கப்பட்டன. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவுசெய்தல் வேண்டும். பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையைச் சினைப்படுத்தல் கூடாது. ஒரு பெட்டை தன் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்குமேல் ஈனச் செய்தல் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றல் கூடாது. நல்ல விதிகள்தாம். ஆனால் அவற்றைப் பெற்றெடுத்த மூலச்சட்டம் 1960ஆம் ஆண்டினது. விலங்கை வதைத்ததாக முதன்முறை தண்டிக்கப்படுபவர்க்கு அச்சட்டம் விதிக்கும் தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும் இருக்கும். ஒரு குட்டி பல்லாயிரம் ரூபாய்க்கு விலைபோகும் காலத்தில், ஐம்பது ரூபாய்த் தண்டத்தை யார் அஞ்சுவர்?

அழகு என்னும் நோய்

1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நாய்களுக்கான முதல் முறையான கண்காட்சி நடந்தது. 1873இல் அந்நாட்டின் கென்னல் சங்கம் தோன்றியது. வேட்டைக்கும் காவலுக்கும் மந்தை மேய்ப்புக்கும் எனத் தொழில் நோக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டுவந்த நாய்கள், அதன்பின் வடிவம் நோக்கித் தேர்ந்தெடுக்கப்படலாயின. சப்பை முகம் வேண்டும் என்றால் சப்பை முகம். குட்டைக் கால் வேண்டும் என்றால் குட்டைக் கால்.

பக் இன நாயை எடுத்துக்கொள்வோம். 2003இல் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவன் ஒருவனைப் பின்தொடர்ந்து நடந்த அந்நாயை நம் பெற்றோர் தலைமுறை நன்கு நினைவில் வைத்திருக்கும். அதன்பின் நாடெங்கும் பக் குட்டிகளுக்கான தேவை கூடியது. நாயின் உடல் மனித உடலைப்போல் வியர்த்துக் குளிர்வதில்லை. நாவை நீட்டி இரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூக்கும் மூச்சுப்பாதையும் குறுகிய நாய்க்கு அந்த ஒரே வழியும் அடைபட்டுப்போகிறது. கத்திரி வெயிலில் சென்னையின் மாடிக் குடியிருப்பில் ஒரு பக் நாய் குறட்டைவிட்டு மூச்சுவாங்குவதை 'எவ்வளவு வேடிக்கை' என்று படமெடுப்போர் உளர். அது மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருக்கிறது.

2023இல் நார்வே நாட்டின் உச்சநீதிமன்றம், கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்னும் இனத்தை அவ்வினத்துக்குள்ளேயே கலந்து பெருக்குவது அந்நாட்டு விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. இதயக் கோளாறும், மூளையைத் தாங்க இடம் போதாத மண்டையோடும் அவ்வினத்தில் அவ்வளவு மலிந்துவிட்டன. ஓர் உயிரின் நோயை அதன் அழகாக விற்கலாமா என்பதே அங்கு நீதிமன்றம்வரை சென்ற கேள்வி.

அயல்நாட்டு இனங்களுக்குத்தான் இக்கேடு, நம் நாட்டு நாய்களுக்கு இல்லை என்று மார்தட்டிக்கொள்ளவும் வழியில்லை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்னும் பெயர்களுக்கு அண்மைக் காலத்தில் மதிப்புக் கூடியிருக்கிறது. இராசபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல்துறை அஞ்சல்தலை வெளியிட்டது. மகிழத்தக்க செய்தியே. ஆனால் இராசபாளையம் நாய் என்றால் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தே தீரவேண்டும் என்று வாங்குவோர் அடம்பிடிக்கின்றனர். உள்காதில் நிறமி உயிரணுக்கள் இல்லாத நாய்க்குக் காது கேளாது. வெள்ளை நிறத்தையே விடாப்பிடியாகத் தேர்ந்தெடுத்தால் கேட்கும் திறனற்ற குட்டிகள் பிறக்க வாய்ப்பு மிகும். டால்மேஷியன் இனத்திலும் இதே சிக்கல் உண்டு. வேற்றாள் காலடியோசைக்குச் செவி நிமிர்த்துவதால் புகழ்பெற்ற காவல்நாய்க்கு நாம் விரும்பிய நிறம் பறித்துக்கொண்டது அதன் செவியை!

மறுப்பும் விடையும்

"ஆட்டையும் மாட்டையும் கோழியையும் பெருக்கி விற்கிறோமே, நாய்க்கு மட்டும் ஏன் தனி நீதி?" என்று வகுப்பில் யாரேனும் எழுந்து கேட்கக்கூடும். கேட்கவும் வேண்டும், எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. ஆடுமாடுகள் படும் துன்பமும் துன்பமே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. உழவருக்குப் பசுவே செல்வம். பசு நலிந்தால் பால் குறையும், அவருக்கே இழப்பு. நாய்க்குட்டி வணிகத்தில் விற்பவருக்கு வேண்டியது குட்டியின் முதல் சில வாரங்கள் மட்டுமே. இரண்டாம் ஆண்டில் இடுப்பு மூட்டு நழுவினாலும் நான்காம் ஆண்டில் இதயம் தளர்ந்தாலும் அச்செலவு வாங்கியவருடையது, வலி நாயினுடையது. தன் செயலின் விளைவைத் தான் காணவே தேவையில்லாத தொழிலில் அறம் எளிதில் நழுவிவிடுகிறது. அதனாலேயே வெளியிலிருந்து ஒரு கண் தேவைப்படுகிறது.

இதனால் எல்லா வளர்ப்பாளரும் கொடியவர் என்று பொருளாகாது. இரண்டு மூன்று நாய்களை வீட்டு முற்றத்தில் வளர்த்து, பரம்பரை பார்த்து இணைசேர்த்து, ஆண்டுகள் கடந்தும் வாங்கியவரை அழைத்து நலம் கேட்போர் நம் தென்மாவட்டங்களில் இருக்கின்றனர். நாட்டு இனங்கள் இன்னும் அழியாமல் இருப்பதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. கூண்டுகளை அடுக்கி நடத்தும் பண்ணை, விலையைக் குறைத்து முதலில் வீழ்த்துவது அவர்களைத்தான்.

இன்னொரு சமாதானமும் சொல்லப்படுவதுண்டு: "எங்கள் பெட்டை நாய்கள் எங்களைக் கண்டால் வாலாட்டுகின்றனவே, துன்பப்பட்டால் வாலாட்டுமா?" நாலடியார் இதற்கு என்றோ விடை சொல்லிவிட்டது. தன் உடலில் பாய்ந்த வேல் உடலில் இருக்கும்போதே எய்தவனைக் கண்டு வாலாட்டும் நாயை, நட்பின் உயர்வுக்கு உவமையாக அந்நூல் காட்டுகிறது. நாயின் வால் அதன் அன்பைக் காட்டுமே தவிர, நம் நடத்தைக்குச் சான்றிதழ் ஆகாது.

தாயைக் காட்டுங்கள்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் குட்டிகளைப் பெருக்கும் பண்ணை ஒன்றிலிருந்து 2013இல் ஒரு பெட்டை நாய் மீட்கப்பட்டது. அதுவும் கவாலியர் இனமே. இடுங்கிய கூண்டில் கிடந்து இடுப்பு மூட்டுகள் இறுகி, முதுகு வளைந்திருந்தது. அதற்கு லூசி என்று பெயரிட்டனர். 2016இல் அது இறந்தது. அதன் பெயரால் மக்கள் எழுப்பிய இயக்கம் சட்டமாகி, 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகரோ கடைக்காரரோ விற்க முடியாது. பெருக்கியவரே, குட்டி பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துக் காட்டி விற்கவேண்டும். தண்டத்தை உயர்த்துவது ஒரு வழி. தாயை மறைக்க முடியாமல் செய்வது அதனினும் கூரிய வழி என்பேன்.

அத்தகைய சட்டம் இங்கு வரும்வரை அக்கேள்வியை வாங்குவோரே கேட்கலாம். உங்கள் வீட்டில் குட்டி வாங்கும் பேச்சு எழுந்தால், விற்பவரின் இடத்துக்கே செல்லுங்கள். பதிவு எண் கேளுங்கள். பிறந்த நாளைக் கேட்டு எட்டு வாரம் நிறைந்ததா என எண்ணிப்பாருங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள்: அதன் விலா எலும்புகள் துருத்தி நிற்கின்றனவா, கால் ஊன்றி நடக்கிறதா, இது எத்தனையாவது ஈற்று? "தாய் வேறு ஊரில் இருக்கிறது" என்ற விடை வருமானால் வெறுங்கையோடு திரும்பிவிடுங்கள். திரும்பும் வழியில், உங்கள் தெருமுனைக் கடையின் படியோரம் ஒரு நாட்டு நாய் குட்டிகளோடு படுத்திருக்கக்கூடும். அங்கே தாயைத் தேட வேண்டியதில்லை.